புதுத் தொட்டியில் மீன் விடும் முன்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் மீன் கழிவிலிருந்து வரும், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் இன்னும் பெருகியிருக்காது. அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

மீன் இல்லாமலே தொடங்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கியைக் கலந்து, வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குத் தீனி. நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து, பாக்டீரியா குடியிருக்கும் அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் ஈரம் காயாமல் கொண்டுவந்து வடிகட்டியில் வையுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

இடையில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும். பயந்துபோய்ப் பஞ்சைக் குழாயடியில் அலசிவிடாதீர்கள், தானே தெளியும். மருந்துக் கடைப் பொடிகளும் வேண்டாம்.

பிறகு டெஸ்ட் கிட், அதாவது தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நிறத்தால் காட்டும் சோதனைப் பெட்டி. என்னுடையதில் அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் இரண்டு மூன்று மீன்கள் விடலாம். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும், அதையும் பாருங்கள். ஏற்கெனவே மீன் விட்டாயிற்று என்றால், தீனியைக் குறைத்து, அம்மோனியா தெரியும்போதெல்லாம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.