மாடித்தோட்டத்துக்குச் சொட்டுநீர்: பம்ப் வேண்டாம், மேல்தொட்டித் தண்ணீரே போதும்

சொட்டுநீர் கிட் ஒன்றை வாங்கி மாட்டியவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை இது: முதல் நாலைந்து பைகளில் தண்ணீர் வழிகிறது, கடைசிப் பைகள் காய்ந்து கிடக்கின்றன. கிட்டில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தை மனத்தில் வைத்துச் செய்த சாமான்களை, எட்டடி உயரத்தில் இருக்கும் தொட்டித் தண்ணீரில் ஓட்டப் பார்க்கிறோம். அதுதான் சிக்கல். குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற சாமான்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மீதி எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காண்பது. மாடிப்படி அறையின் கூரை மேல் தண்ணீர்த் தொட்டி, கீழே மொட்டை மாடியில் 12 அங்குல க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) 24, வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை.

முதலில் அழுத்தக் கணக்கு

அழுத்தத்தை அளக்கும் அலகு பார். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டியின் அடிமட்டத்துக்கும் பையின் வாய்க்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மாடிப்படி அறை மேல் தொட்டி என்றால் எட்டடிக்குச் சற்றுக் கூடக்குறைய, அதாவது சுமார் இரண்டரை மீட்டர் வரும். அழுத்தம் 0.25 பார்.

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனைதான் டிரிப்பர். சாதாரண டிரிப்பரின் மேல் '4 லிட்டர்' என்று போட்டிருந்தால், 1 பார் அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் என்று பொருள். அழுத்தம் நான்கில் ஒன்றானால் ஓட்டம் பாதியாகும். ஆகவே நம் மாடியில் அதே டிரிப்பர் மணிக்கு 2 லிட்டர் கொடுக்கும், அரை மணி நேரத்துக்கு 1 லிட்டர். கணக்குப் போட வசதியான அளவுதான், இதையே வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் 'பி.சி. டிரிப்பர்தான் உசத்தி' என்பார். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு தண்ணீர் விடும் வகை அது. தோப்புக்கும் பம்புக்கும் அது உசத்திதான். அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்ய பொதுவாக 0.5 முதல் 1 பார் வரை வேண்டும். நம்மிடம் அவ்வளவு இல்லை. தலையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் டிரிப்பரும் வேண்டாம். அதை நன்றாகத் திறந்துவிட்டால் ஒவ்வொன்றும் மிக அதிகமாக இழுக்கும், குழாயில் போகப்போக அழுத்தம் கரையும், வரிசைக் கடைசிக்கு ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன குறைக்கு முதல் காரணமே இதுதான். திறந்து கழுவக்கூடிய சாதாரண 4 லிட்டர் பட்டன் டிரிப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை

- 16 எம்.எம் கறுப்பு லேட்டரல் பைப் (வரிசை நெடுகப் போகும் குழாய்): 25 மீட்டர்
- 4 எம்.எம் கறுப்பு மைக்ரோ டியூப்: 20 மீட்டர்
- 4 லிட்டர் பட்டன் டிரிப்பர்: 30
- 4 எம்.எம் கனெக்டர் பின்: 30
- டியூபைப் பையில் நிறுத்தும் குச்சி: 24
- 16 எம்.எம் டீ (T வடிவ இணைப்பு) 1, எல்போ 3, ஜாயினர் 3, சிறு வால்வு 2, எண்ட் கேப் 2
- முக்கால் இஞ்ச் ஸ்கிரீன் ஃபில்டர், 120 மெஷ்: 1
- முக்கால் இஞ்ச் மரையிலிருந்து 16 எம்.எம்முக்கு மாறும் அடாப்டர்: 1
- ஓட்டை அடைக்கும் டம்மி பிளக்: 10
- டிரிப் பஞ்ச், டெஃப்லான் டேப்
- டைமர் (கட்டாயமில்லை)

சொட்டுநீர்ச் சாமான் விற்கும் விவசாயக் கடையில் இவை சில்லறையாகவே கிடைக்கும். பைப்பும் டியூபும் கறுப்பாகவே இருக்கட்டும். ஒளி ஊடுருவும் டியூப் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் சில வாரங்களில் உள்ளே பாசி பிடித்துவிடும்.

டைமர் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு) உள்ளவை திறக்கவே ஓரளவு அழுத்தம் கேட்கும், 0.25 பாரில் திறக்காது, அல்லது திறந்தது சரியாக மூடாது. பால் வால்வு உள்ள டைமரில் சிறு மோட்டார் வால்வையே திருப்பும், அழுத்தம் தேவையில்லை. அட்டையில் குறைந்தபட்ச அழுத்தம் '0 பார்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாச் சாமான்களுக்கும் சேர்த்து ஆகிற செலவு இந்த ஒன்றுக்கே ஆகிவிடும். அதனால் முதல் மாதம் கையால் திறந்து மூடிப் பழகி, செடிக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்த பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம்.

குழாய் இணைப்பு

மாடியில் இருக்கிற குழாய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். சில வீடுகளில் அது தொட்டியிலிருந்து வராது. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும் லைனிலேயே இருக்கும். மோட்டார் ஓடாதபோது திறந்து பாருங்கள். பத்து நிமிடமும் ஒரே சீராக வந்தால் தொட்டி லைன். கொஞ்சம் வந்து நின்றுபோனால் மோட்டார் லைன். அதில் சொட்டுநீர் மாட்ட முடியாது, பிளம்பரைக் கூப்பிட்டுத் தொட்டியிலிருந்து தனி லைன் எடுத்துவிடுங்கள். மாடி கழுவவும் குழாய் வேண்டும் என்பதால், எப்படியானாலும் ஒரு டீ போட்டு, பழைய குழாயைத் தனியே விட்டுவிடுவது நல்லது.

மாட்டும் வரிசை இது: குழாய், ஃபில்டர், டைமர், அடாப்டர், 16 எம்.எம் பைப். ஃபில்டர் டைமருக்கு முன்னால்தான் வர வேண்டும். மணல் துகள் ஒன்று உள்ளே போனாலும் டைமரின் வால்வு மூடாமல் நின்றுவிடும். ஃபில்டரின் மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். மாடிக் குழாய்கள் பெரும்பாலும் அரை இஞ்ச், ஃபில்டரும் டைமரும் முக்கால் இஞ்ச், ஆகவே நடுவில் ஒரு ரெடியூசர் தேவைப்படும். மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்துவிடும். பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். மரை வெடித்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

பைப் போடுவது

சுருளாக வந்த பைப்பை அரை மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் இளகி, சொன்னபடி கேட்கும். அடாப்டரிலிருந்து ஒரு பைப், முடிவில் டீ, டீயின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு வால்வு, அங்கிருந்து வரிசைக்கொரு லேட்டரல். இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வாக விடுங்கள். வெயிலில் நீளும் பைப் இரவில் சுருங்கும். இறுக்கிப் போட்டிருந்தால் ஏதாவது ஒரு ஜாயின்ட் கழன்று, காலையில் தொட்டி காலியாக இருக்கும்.

எல்போ, டீ உள்ளே நுழைய மறுத்தால் பைப் நுனியைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி எடுங்கள். எண்ணெய், சோப்பு தடவ வேண்டாம், பின்னால் வழுக்கிக் கழன்றுவிடும்.

பைப் தரையோடு, அல்லது பை நிற்கும் ஸ்டாண்டோடு போகட்டும். நடுவில் எங்கும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏறி இறங்க விடாதீர்கள். அந்த மேட்டில் காற்று தங்கும். பம்ப் இருந்தால் தள்ளிவிடும், நம் 0.25 பார் சில நேரம் தோற்றுப்போகும்.

அடுத்தது பலர் விட்டுவிடுகிற படி. எண்ட் கேப் போடுவதற்கு முன், ஓட்டை குத்துவதற்கும் முன், குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை வெளியே ஓட விடுங்கள். வெட்டும்போது விழுந்த பிளாஸ்டிக் சீவல், டேப் துணுக்கு, மண் எல்லாம் வெளியே வரும். இதைச் செய்யாவிட்டால் முதல் நாளே கடைசி டிரிப்பர்கள் அடைத்துக்கொள்ளும்.

பிறகு ஒவ்வொரு பைக்கும் நேராக, பைப்பின் பக்கவாட்டில் டிரிப் பஞ்ச் கருவியால் ஓட்டை போடுங்கள். அடிப்பக்கம் கூடாது, வண்டல் அங்கேதான் தங்கும். ஆணியைச் சூடாக்கிக் குத்துவதும் கூடாது. உருகிய ஓட்டை வட்டமாக இருக்காது, காலத்துக்கும் கசியும். தப்பான இடத்தில் குத்திவிட்டால் டம்மி பிளக் இருக்கிறது. ஓட்டையில் கனெக்டர் பின், பின்னில் இரண்டடி மைக்ரோ டியூப், அதன் மறுநுனியில் டிரிப்பர், டிரிப்பரைத் தாங்க ஒரு குச்சி. செடியின் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். தண்டை ஒட்டி எப்போதும் ஈரம் நின்றால் அடித்தண்டு அழுகும்.

எல்லா டிரிப்பரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பது முக்கியம். ஒரு பையை மட்டும் இரண்டரையடி ஸ்டாண்டில் வைத்தால் அதற்கு அழுத்தம் முக்கால் மீட்டர் குறைகிறது, தண்ணீர் ஆறில் ஒரு பங்கு குறையும்.

கப் சோதனை

எண்ட் கேப்பை மாட்டித் தண்ணீரைத் திறந்து, காற்று வெளியேற ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் பை, நடுப் பை, கடைசிப் பை ஆகியவற்றின் டிரிப்பரை ஆளுக்கொரு டம்ளரில் விட்டு, சரியாக 6 நிமிடம் பிடித்து அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். 200 மில்லி வந்தால் மணிக்கு 2 லிட்டர். முதலுக்கும் கடைசிக்கும் 20 மில்லி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. 50, 60 என்று போனால் எங்கோ மடிப்பு, கசிவு அல்லது அடைப்பு. மூன்றிலும் ஒரேபோல் குறைந்தால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் விடுவது

காய்க்கிற தக்காளி, கத்தரிக்குக் கோடையில் 12 அங்குலப் பைக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் வரை தேவைப்படலாம். காலை அரை மணி, மாலை அரை மணி. மற்ற மாதங்களில் காலை அரை மணியே போதும். நாற்றுக்குப் பத்து நிமிடம். இவை தொடக்க அளவுகள்தான். மண்ணில் இரண்டு அங்குலம் விரல் விட்டுப் பாருங்கள், பையின் அடித் துளையையும் பாருங்கள். துளையிலிருந்து தினமும் தண்ணீர் ஓடினால் உரமும் சேர்ந்து ஓடுகிறது என்று அர்த்தம், நேரத்தைக் குறையுங்கள்.

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் சேர்த்த கலவையில் ஒரு விசித்திரம் உண்டு. முழுக்கக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை ஏற்காது. சொட்டு விழுகிற இடத்தில் ஒரு வழி பிடித்து நேரே கீழே இறங்கிவிடும். மேலே ஈரம், கீழே ஒழுக்கு, நடுவில் பொடி. அப்படியான பையைப் பூவாளியால் ஒருமுறை நன்றாக நனைத்த பிறகே சொட்டுநீரில் விட வேண்டும்.

காலை 6 மணிக்கு முன்னும், மாலை ஆறரைக்குப் பின்னும் ஓட்டுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கறுப்புப் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் கை பொறுக்காத அளவு சுடும். பிற்பகலில் திறந்தால் அதுதான் முதலில் வேருக்குப் போகும்.

ஒரே டைமரில் ஓடும் செடிகளுக்குத் தேவை வேறு வேறாக இருந்தால் டிரிப்பர்களின் எண்ணிக்கையால் சரிசெய்யலாம். டிரம்மில் வைத்த முருங்கைக்கு மூன்று, தக்காளிக்கு ஒன்று. தூவி விதைத்த கீரைத் தொட்டியை இந்த அமைப்பில் சேர்க்காதீர்கள். சொட்டுநீர் ஒரு சிறு வட்டத்தைத்தான் நனைக்கும், சுற்றியுள்ள கீரை காயும். அதற்குப் பூவாளிதான் சரி.

வரக்கூடிய கோளாறுகள்

டிரிப்பரில் வெள்ளைப் பொருக்கு: போர் தண்ணீரின் சுண்ணாம்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, திறந்த டிரிப்பர்களை இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். காவி நிறச் சேறு வந்தால் இரும்புச் சத்து. தொட்டியைக் கழுவுவதோடு ஃபில்டரை வாரம் இருமுறை அலச வேண்டும். சாதாரணத் தண்ணீருக்கு வாரம் ஒருமுறை போதும். மாதம் ஒருமுறை எண்ட் கேப்பைக் கழற்றி, குழாய் தெளியும் வரை ஓட விடுங்கள்.

குழாயை மூடிய பிறகும் ஒரு மூலையில் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தால் அது கசிவு அல்ல. 16 எம்.எம் பைப்பில் மீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லி தண்ணீர் நிற்கும். வரிசைக்கு ஒரு லிட்டர். மழைநீர் வடியத் தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கப் பைகளில் அது வடியும். சேப்பங்கிழங்குபோல் ஈரம் தாங்கும் செடியை அந்த மூலையில் வைத்துவிடலாம்.

அணில் டியூபைக் கடிக்கும், பெரும்பாலும் கோடையில், தண்ணீருக்காக. பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் தொல்லை குறையும், முற்றிலும் நிற்காது. 4 எம்.எம் கனெக்டர் பின்னைக் கூடுதலாக வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்றவற்றை இந்தக் குழாயில் விடாதீர்கள். துணியில் எத்தனை முறை வடிகட்டினாலும் மிஞ்சும் நுண்துகள் டிரிப்பரின் வளைவுப் பாதையில் படிந்து, ஒரு வாரத்தில் வழுவழுப்பாக அடைத்துவிடும். அவற்றைக் குவளையால் பைக்கு நேரே ஊற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டைமரை நிறுத்தி பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்; உள்ளேயே விட்டால் ஈரத்தில் ஒழுகி முனைகள் துருப்பிடிக்கும். நான்கைந்து நாள் மழை விட்டால் கையால் திறந்து கொடுத்தால் போதும். தை பிறந்து மறுபடி மாட்டும்போது, எண்ட் கேப்பைக் கழற்றி ஓடவிடுவதிலிருந்து தொடங்கிக் கப் சோதனை வரை ஒருமுறை செய்துவிட்டு டைமரை வையுங்கள்.