அமெரிக்கத் தேர்தலின் தாக்குதல் விளம்பரம் புலனத்தில் வந்தால் நாம் செய்யும் தவறுகள்

2024 அக்டோபரில் எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பட்டர்வொர்த் மாமா ஒரு காணொளியைப் போட்டார். முப்பது வினாடிதான். அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஒருவரின் முகம் கறுப்பு வெள்ளையில், பின்னால் நெஞ்சைப் பிசையும் இசை, அவரைத் தாக்கிப் பேசும் கரகரத்த குரல் ஒன்று. “பாத்தீங்களா, அந்த ஊர் டிவியிலேயே சொல்லிட்டான்” என்று கீழே ஒரு வரி. அப்புறம் இரண்டு நாள் வாக்குவாதம். மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எனக்கோ பினாங்கில் இருக்கும் அவர்களுக்கோ அங்கே ஓட்டுக் கிடையாது. ஆனாலும் அந்த முப்பது வினாடி ஒரு மனிதரைப் பற்றிய எங்கள் எண்ணத்தை அசைத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமா சொன்ன “டிவியிலேயே” என்ற சொல்லிலேயே முதல் தவறு இருக்கிறது. டிவியில் ஒன்று வந்தால் யாரோ பார்த்து அனுமதித்திருப்பார்கள் என்று நினைத்தே நாம் வளர்ந்தோம். அமெரிக்கச் சட்டம் வேறு. வேட்பாளர் தாமே காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தை அங்குள்ள ஒளிபரப்பு நிலையங்கள் தணிக்கை செய்யக் கூடாது. அதில் பொய் இருப்பது தெரிந்தாலும் வெட்டாமல் அப்படியே போட வேண்டும். வெளி அமைப்புகள் கொடுக்கும் விளம்பரத்தை மட்டும்தான் மறுக்கலாம். ஆகவே டிவியில் வந்தது என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

வெளி அமைப்பு என்றேன் அல்லவா, விளம்பரத்தை யார் போட்டது என்று பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. 2002இல் வந்த சட்டப்படி, டிவி விளம்பரத்தில் வேட்பாளர் தம் குரலிலேயே இதை நான் ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். வெளி அமைப்பு என்றால் அதன் பெயர் வர வேண்டும். 2010இன் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு ‘சூப்பர் பேக்’ எனப்படும் அமைப்புகள், வேட்பாளரோடு சேர்ந்து திட்டமிடாத வரை, எவ்வளவு பணம் வேண்டுமானாலும் திரட்டிச் செலவழிக்கலாம். நாட்டுப்பற்று, எதிர்காலம் என்று அழகான பெயர் வைத்துக்கொள்வார்கள். கை மாறி கை மாறி நமக்கு வரும் காணொளியில் அந்தப் பெயர் வரும் துண்டே பல நேரம் இருக்காது.

சரி, சொன்னது உண்மையா பொய்யா என்று மட்டும் தேடிவிட்டு நிறுத்திக்கொள்வதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் விழுவது இங்கேதான். 1988இல் தந்தை புஷ்ஷுக்கும் மைக்கேல் டுகாகிஸுக்கும் போட்டி. டுகாகிஸ் மாசசூசெட்ஸ் ஆளுநர். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்ற வில்லி ஹோர்ட்டன் என்ற கைதி, 1986இல் வார இறுதி விடுப்பில் வெளியே போனவர், திரும்பவே இல்லை. 1987இல் மேரிலாந்தில் ஒரு தம்பதியைத் தாக்கினார், பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார். இதெல்லாம் நடந்தது. அந்த விடுப்புத் திட்டத்தை டுகாகிஸ் ஆதரித்ததும் உண்மை. இதை வைத்து டுகாகிஸைத் தாக்கி ஒரு டிவி விளம்பரம் வந்தது. அது சொல்லாமல் விட்டது என்ன? அந்தத் திட்டத்தை 1972இல் தொடங்கியது புஷ்ஷின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஓர் ஆளுநர். மற்ற மாநிலங்களிலும், கூட்டாட்சிச் சிறைகளிலும்கூட விடுப்பு இருந்தது. அப்புறம் அதில் காட்டிய ஹோர்ட்டனின் புகைப்படம். ஹோர்ட்டன் கறுப்பினத்தவர். இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை, அந்த முகத்தைத் திரையில் வைத்ததே போதுமானதாக இருந்தது. அதைப் போட்டது புஷ் அல்ல, ஒரு வெளி அமைப்பு. புஷ் தரப்பே போட்ட சிறைக்கதவு விளம்பரத்தில் ஹோர்ட்டனின் பெயரும் இல்லை, படமும் இல்லை. ஆனால் இரண்டையும் பார்த்தவர் மனத்தில் அவை ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

சிறுபான்மையாக வாழும் நமக்கு இது சட்டென்று உறைக்க வேண்டும். 2022 நவம்பரில் நம் 15ஆவது பொதுத்தேர்தல் முடிந்த கையோடு, 1969 மே 13 இனக் கலவரத்தைச் சொல்லிப் பயமுறுத்தும் காணொளிகள் டிக்டாக்கில் பரவியதை மறந்துவிடவில்லைதானே? மே 13 நடந்தது உண்மை. அதை அந்த வாரத்தில், அந்த இசையோடு, யாருக்குக் காட்டினார்கள் என்பதில்தான் விஷமம் இருந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: தாக்குதல் என்றாலே குப்பை என்று ஒதுக்குவது. ஒருவர் எந்த மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார், வரியை ஏற்றினாரா, முன்பு சொன்னதை இன்று மாற்றிப் பேசுகிறாரா என்பதையெல்லாம் எதிராளிதான் தோண்டி எடுத்துச் சொல்வார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் புகழ்ச்சி விளம்பரத்தில் சரிபார்க்க என்ன இருக்கிறது? ஆவணத்தைக் காட்டித் தாக்கினால் நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

விளம்பரத்தால்தான் ஜெயித்தார்கள் என்று அடித்துச் சொல்வதும் வேண்டாம். இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1964இல் அதிபர் ஜான்சன் தரப்பு போட்ட பூச்சிறுமி விளம்பரம்: சிறுமி பூவிதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள், எண்ணிக்கை தலைகீழாகி அணுகுண்டு வெடிக்கிறது. எதிராளி கோல்ட்வாட்டரின் பெயர்கூட அதில் இல்லை. ஆனால் ஜான்சன் அதற்கு முன்பே கருத்துக்கணிப்புகளில் எங்கேயோ முன்னால் இருந்தார்; கடைசியில் 44 மாநிலங்களை வென்றார். 2007இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் மூவர் 111 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிர்மறைப் பிரசாரம் ஓட்டைக் கொண்டுவருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

கண்ணால் பார்த்ததை நம்புவதும் இப்போது ஆபத்து. 2023 ஏப்ரலில் பைடன் மறுபடியும் போட்டியிடுவதாக அறிவித்த அன்றே, குடியரசுக் கட்சியின் தேசியக் குழு முழுக்கச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களை வைத்து ஒரு விளம்பரம் போட்டது. திரையில் அதைச் சொல்லவும் செய்தார்கள், ஆனால் சின்ன எழுத்தில். மாமாவின் கைப்பேசியில் அது தெரியவே தெரியாது.

கடைசித் தவறை நானே செய்தேன். மாமாவின் காணொளியை, எவ்வளவு கேவலம் பாருங்கள் என்று எழுதி, என் பள்ளித் தோழர்கள் குழுவுக்கு அனுப்பினேன். பூச்சிறுமி விளம்பரம் காசு கொடுத்து ஒளிபரப்பானது 1964 செப்டம்பர் 7 அன்று ஒரே ஒரு தடவை. கண்டித்துப் பேச எடுத்துப் போட்ட செய்தி நிகழ்ச்சிகள்தான் அதை நாடு முழுக்கக் கொண்டுபோயின. 2004இல் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரியின் வியட்நாம் போர்ச் சேவையைப் பழித்த விளம்பரமும் முதலில் மூன்று மாநிலங்களில்தான் ஓடியது. அவர் பதில் சொல்லத் தாமதித்த வாரங்களில் செய்தி சேனல்களே அதைப் பரப்பிவிட்டன. நானும் கண்டிப்பதாக நினைத்து அதையேதான் செய்திருக்கிறேன். இப்போது அப்படி ஏதாவது வந்தால் காணொளியை நகர்த்துவதில்லை. யார் போட்டது, எதை விட்டுவிட்டார்கள் என்று தேடி, நாலு வரி தமிழில் தட்டி, வந்த குழுவிலேயே பதிலாகப் போடுகிறேன்.