டெத் மெட்டல் கேக்கணுமா? இந்த ஆர்டர்ல போங்க

பெங்களூரு சில்க் போர்டு ஜங்ஷன்ல பஸ் நகராம நிக்குது, சுத்தி ஹாரன் காதைக் கிழிக்குது, உறுமுற குரலும் வேகமான டிரம்ஸுமா இருக்கிற இந்த மெட்டல் மியூசிக்கை ஆரம்பிக்க அதுதாங்க சரியான நேரம். புதுசா வர்றவங்க நேரா கானிபல் கார்ப்ஸ் மாதிரி முரட்டு பேண்ட்ல குதிச்சிட்டு "என்னடா மிக்ஸி ஓடுது"ன்னு ஓடிடறாங்க, அது வேணாம்.

மொதல்ல 1985ல வந்த பொசெஸ்ட் பேண்டோட செவன் சர்ச்சஸ் ஆல்பம், ஒரே ஒரு தடவை, விதை எங்க விழுந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்.

அப்புறம் டெத்ங்கிற பேண்ட். இங்க கொஞ்சம் நின்னு நிதானமா கேளுங்க. 1987ல ஸ்க்ரீம் பிளடி கோர், அதுல கிதார், பேஸ், குரல் மூணுமே சக் ஷுல்டினர் ஒருத்தரே, டிரம்ஸ் மட்டும் வேற ஆளு. நாலே வருஷத்துல ஹ்யூமன் ஆல்பம், அதே மனுஷனான்னு சந்தேகம் வரும். ரெண்டையும் அடுத்தடுத்து போடுங்க, பாட்டு வரி புரியலன்னு டென்ஷன் ஆகாம மொத ரவுண்டுல டிரம்ஸை மட்டும் பிடிச்சிட்டுப் போங்க, தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு வேகம்லாம் ஒரு மேட்டரா, குரல் தானா பழகிடும்.

மார்பிட் ஏஞ்சல் பேண்டுக்கு ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ், 1989, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

அடுத்து ஸ்வீடன். என்டூம்ட் பேண்டோட லெஃப்ட் ஹேண்ட் பாத், 1990. கிதார் சத்தத்தை கரகரன்னு மாத்துற பாஸ் (Boss) எச்எம்-2 பெடல்ல நாப் எல்லாத்தையும் ஃபுல்லா திருப்பி வச்சா வர்ற அந்த அறுவை மெஷின் சவுண்டு இருக்கே, நான் பிஜில ஸ்பீக்கர்ல போட்டப்ப திருநெல்வேலி ரூம்மேட் "பக்கத்து சைட்ல டைல்ஸ் வெட்றானுவளா மக்கா"ன்னு ஜன்னலை சாத்தப் போயிட்டான்.

இவ்ளோ தாண்டிட்டா சஃபொகேஷன் பேண்டைப் போடுங்க. ஹெட்போன்ல, வால்யூம் பாதிக்கு மேல வேணாம்.