அம்மாவின் கல்லறை எழுத்தைச் சரிசெய்தது

அம்மாவின் கல்லறைக் கல்லில் மெஷினால் மேலோட்டமாகப் பொறித்து, தங்க பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். மழையில் பெயின்ட் உரிந்ததும் பெயரே தெரியவில்லை. மனசு கேட்கவில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நல்ல கருங்கல்தான், பின்பக்கத்தைக் கொத்திச் சமன்செய்து எழுதலாம் என்றார்.

முதலில் முழு அளவில் தாளில் எழுதித் தரச் சொன்னேன். இது ரொம்ப முக்கியம். ‘ஞ’வின் சுழிகள் நெருங்கினால் நடுவில் கல் பெயர்ந்துவிடும் என்று எழுத்தைப் பெரிதாக்கி, வாசகத்தைக் குறைத்தார். புள்ளிகளைக்கூட உளியால் ஆழமாகக் குழித்தார். பெயின்ட்டே வேண்டாம், வெட்டுக்குள் விழும் நிழலிலேயே பெயர் பளிச்சென்று தெரிகிறது.

அப்புறம், தேதியையும் புள்ளிகளையும் வெட்டும் முன்பே சரிபாருங்கள். தப்பாகிவிட்டால் முகப்பு முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.