ஃபெரெட் உறங்குகிறதா, மயங்கிக் கிடக்கிறதா: கண்டறியும் முறை

கூண்டும் தீவனமும் தயார் என்று கொண்டு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். கீரியைப் போன்ற தோற்றமுள்ள சிறு வளர்ப்பு விலங்கான ஃபெரெட், நாளொன்றுக்கு 14 முதல் 18 மணி நேரம் உறங்கும். சில வேளைகளில், தூக்கினால் கழுத்தும் கால்களும் ஈரத்துணிபோலத் தொங்கும் அளவுக்கு அந்த உறக்கம் ஆழ்ந்துவிடும். பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அது வந்த மூன்றாம் நாள், உயிர் போய்விட்டது என்றே நம்பி, துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். சிக்னலில் நின்றபோது அது கொட்டாவி விட்டது.

முதலில் உள்ளங்கையை விலாவின்மேல் மெல்ல வைத்து மூச்சைக் கவனியுங்கள். ஆழ்ந்த உறக்கத்தில் அது மெதுவாகத்தான் இருக்கும். சீராக இருந்தால் போதும்.

அடுத்து, உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். நான் தடுமாறியது இங்கேதான்: மஞ்சள் விளக்கொளியில் இளஞ்சிவப்பு ஈறும் எனக்கு வெளிறித் தெரிந்தது. எனவே கைப்பேசியின் டார்ச்சைப் பயன்படுத்துங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

பிறகு, உப்பில்லாத கோழிச்சாற்றில் ஒரு சொட்டை மூக்கருகே காட்டுங்கள். உலுக்குவதைவிட இதுவே மேல். விழிக்க ஓரிரு நிமிடம் ஆகலாம். விழித்ததும் நடுங்கினால் அஞ்ச வேண்டாம். உடற்சூட்டை ஏற்றிக்கொள்வதற்கான நடுக்கம் அது.

விழிக்காவிட்டாலோ, எச்சில் வடித்து வாயைச் சுரண்டிப் பின்னங்கால்கள் துவண்டாலோ, இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். நடுவயது ஃபெரெட்டுகளுக்குக் கணையக் கட்டியால் இது அடிக்கடி நேரும். பஞ்சுக்குச்சியால் ஈறில் சிறிது தேன் தடவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் விரலை விடவே கூடாது. நலமாயிருக்கும் ஃபெரெட்டுக்கு இனிப்பு ஆகாது, ஏனெனில் அது முழு ஊனுண்ணி. ஃபெரெட்டைப் பார்க்கும் மருத்துவரை இன்றே விசாரித்து வையுங்கள். அன்று நான் அதைச் செய்திருக்கவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் வெப்பத்தாக்கத்தையும் சந்தேகியுங்கள். 30 டிகிரியைத் தாண்டினாலே இதற்கு ஆபத்துதான். வாய் திறந்து இரைத்தால் பாதங்களைக் குளிர்ந்த நீரால் நனையுங்கள், பனிக்கட்டி வேண்டாம்.

எங்கள் தெருவில் இதைக் கீரிப்பிள்ளை என்கிறார்கள். கீரி வேறு குடும்பம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கவும் கூடாது. ஃபெரெட், முயல்வளைக்குள் புகுந்து முயலை விரட்டுவதற்காக ஐரோப்பாவில் பழக்கப்படுத்தப்பட்ட போல்கேட் என்னும் காட்டு விலங்கின் வழிவந்தது.

பின்சேர்க்கை: முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளிச் சுவரில் மோதுவதை வலிப்பு என்று எண்ணி ஒருவர் எழுதியிருந்தார். அது விளையாட்டுக் களிப்பு. கூடவே கொக்கரிப்பதுபோல் மெல்லிய ஒலி எழும். பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா என்று பாருங்கள். வலிப்பில் கிடப்பது திரும்பாது.