கரண்ட் நாலு நாள் வராதுன்னா: கார்த்திகை மழைக்கு முன்னாடி வீட்டைத் தயார் பண்றது எப்படி?

நிவர் புயல் 2020 நவம்பர் 25 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரை ஏறுச்சு. எங்க ஊர் வேலூர் மாவட்டம் குடியாத்தத்துக்கு மேற்கே, ஆந்திரா எல்லை ஓரம். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு போர்த்திக்கிட்டுப் படுத்துட்டோம். விடிஞ்சு பார்த்தா தெருமுனைப் புளியமரம் கம்பி மேல சாஞ்சு மூணு போஸ்ட்டையும் சேர்த்து இழுத்துப் போட்டிருந்துச்சு. அன்னைக்குப் போன கரண்ட் அஞ்சாவது நாள் ராத்திரி வந்துச்சு. ஆனா எங்க வீட்டுக்குத் தண்ணி வந்தது அதுக்கும் ஒன்பது நாள் கழிச்சு. அது ஏன்னு கடைசியில சொல்றேன், அதுல ஒரு பாடம் இருக்கு.

கரண்ட் போனா எல்லாரும் முதல்ல மெழுகுவத்தி தேடுறாங்க. கிராமத்துல இருட்டு பெரிய விஷயமே இல்லைங்க. கரண்ட்னா இங்க தண்ணி. அதனால இந்தப் பதிவும் தண்ணியிலிருந்தே ஆரம்பிக்குது. முதல் தடவை தனியா குடும்பம் நடத்துறவங்க, டவுன்லேருந்து கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்தவங்க (நானும் அப்படித்தான்) இதே வரிசையில செய்ங்க.

1. தண்ணிக் கணக்கு

ஐப்பசி பாதியிலேயே ஒரு நோட்டுல கணக்குப் போட்டுடுங்க. எங்க வீட்டுல அஞ்சு பேர், ரெண்டு கறவை மாடு. குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் வெச்சா ஒரு நாளைக்கு 25. கறவை மாடு ஒண்ணு 50 லிட்டர் வரைக்கும் குடிக்கும், ரெண்டுக்கும் 100. பாத்திரம், கக்கூஸ், கை கால் கழுவ சிக்கனமா 100. ஆக ஒரு நாளைக்கு 225. மாடி மேல இருக்கிற 1,000 லிட்டர் டேங்க் நிறைஞ்சிருந்தா நாலு நாள் ஓடும். யாராவது ஒருத்தர் குழாயைத் திறந்து விட்டு முகம் கழுவினா ரெண்டே நாள்.

புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கு செய்ய வேண்டியது:

டேங்கை வழிய வழிய நிரப்புங்க. மாட்டுத் தொட்டி, அண்டா, குண்டான், குடம், பக்கெட் ஒண்ணு விடாம நிரப்புங்க. குடிக்கிற தண்ணியைத் தனியா மூடி போட்ட பாத்திரத்துல சமையலறைக்குள்ள வைங்க. அப்புறம் டேங்க்லேருந்து வீட்டுக்குள்ள வர்ற வால்வை மூடிடுங்க. வேணும்ங்கிறப்ப மட்டும் திறந்து பக்கெட்ல பிடிச்சுக்குங்க. இந்த ஒரு வேலையிலேயே பாதித் தண்ணி மிஞ்சும்.

தகரக் கொட்டாய் இருந்தா மழைத் தண்ணியைப் பிடிக்கலாம். முதல் அரை மணி நேரம் ஓட விட்டுட்டு, கூரை கழுவினதுக்கு அப்புறம் பக்கெட்டை வைங்க. மாட்டுக்கும் கக்கூசுக்கும் அதுவே போதும். குடிக்கணும்னா நல்லா தளதளன்னு கொதிக்க வெச்சு ஆற விடணும். மேலே லேசா ஆவி வந்ததும் இறக்குறது போதாது.

கிணறு இருக்கிறவங்க பாடு தேவலை. கரண்டைப் பிடுங்குற அதே மழை கிணத்துத் தண்ணியையும் மேலே கொண்டு வரும். கார்த்திகையில எங்க பங்காளி கிணத்துல எட்டு முழக் கயிறே போதும். அவங்க தாத்தா காலத்துல கவலை ஓட்டி, அதாவது மாடு பூட்டி, இறைச்ச கிணறு அது. ராட்டினமும் கயிறும் இப்பவே சரியா இருக்கான்னு பாருங்க. நாலு வருஷமா தொங்கிக்கிட்டு இருக்கிற கயிறு, நிறைகுடம் ஏறும்போதுதான் அறுந்து போகும்.

வாடகைக்கு ஜெனரேட்டர் எடுக்கிறதா இருந்தா ஒண்ணு சொல்றேன். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 3.7 கிலோவாட்தான். ஆனா கிளம்பும்போது அதைப் போல பல மடங்கு இழுக்கும். கல்யாண வீட்டுக்கு லைட் போடுற சின்ன ஜெனரேட்டர் அதைக் கிளப்பாது. டிராக்டர்ல இழுத்துக்கிட்டு வர்ற பெரிய ஜெனரேட்டரா கேளுங்க. தெருவே சேர்ந்து எடுத்தா வாடகை கட்டுப்படியாகும். ஒவ்வொரு வீட்டு டேங்கா நிரப்பிக்கிட்டே போயிடலாம்.

ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்குல சொருகவே கூடாது. அது மெயின் வழியா திரும்பி லைனுக்குப் போகும். அங்க போஸ்ட் மேல ஏறி நிக்கிற லைன்மேன் கம்பியில உயிர் இல்லைன்னு நினைச்சுக் கை வைப்பார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லைனையும் ஜெனரேட்டரையும் ஒண்ணு சேர விடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்குங்க.

2. அடுப்பும் மாவும்

சிலிண்டர் ஒண்ணு கையிருப்பு இருக்கட்டும். விறகு இருந்தா அதையும் மழைக்கு முன்னாடி பரண் மேல ஏத்துங்க. தரையில போட்ட சீமைக்கருவேலக் கட்டை மூணு நாள் மழையில ஊறிடும், அப்புறம் ஊதி ஊதிக் கண்ணுதான் எரியும். தேங்காய் மட்டை, மல்லாட்டை (வேர்க்கடலை) தோல் ஒரு கோணி நிறைய பத்த வைக்க வேணும்.

தீப்பெட்டி. சிரிக்காதீங்க. குடியாத்தமே தீப்பெட்டி பண்ற ஊர், அப்படியும் எங்க வீட்டுத் தீப்பெட்டி அந்த அஞ்சு நாள்ல நமுத்துப் போய் ஒரு குச்சி கூடப் பத்தலை. மூடி இறுகின எவர்சில்வர் டப்பாவுல நாலு பெட்டி போட்டு வைங்க.

இனிமே சொல்றதுதான் புதுசா வந்தவங்களுக்குத் தோணாது. கரண்ட் இல்லைன்னா மாவு மில்லும் ஓடாது. கிரைண்டர் மட்டும்தான் நின்னு போகும்னு நான் நினைச்சேன். மூட்டையா கேவுரு (கேழ்வரகு) வெச்சுக்கிட்டு மாவு இல்லாம உக்காந்திருந்தோம். மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியே கேவுரு அஞ்சு கிலோ, பச்சரிசி ரெண்டு கிலோ அரைச்சு, ஆற வெச்சு, டப்பாவுல அடைச்சுடுங்க. சூடா அடைச்சா கட்டி கட்டும், புழு வைக்கும்.

இட்லி தோசையை அந்த நாள்ல மறந்துடுங்க. ஆட்டுக்கல் இருக்கு, அத்தைக்கு ஆட்டவும் தெரியும், ஆனா அறுபத்தஞ்சு வயசுல எதுக்கு? களி கிண்டினா அஞ்சு பேருக்கு ஒரே பாத்திரத்துல வேலை முடிஞ்சுது. அரை டம்ளர் நொய்யை நாலு டம்ளர் தண்ணியில குழைய வேக விடுங்க. உப்பு போட்டு, ஒண்ணரை டம்ளர் கேவுரு மாவை நடுவுல குவிச்சுக் கொட்டுங்க. உடனே கிளறாதீங்க. தட்டு போட்டு மூடி, தீயைக் குறைச்சு, பத்து நிமிஷம் விட்டுட்டு அப்புறம் கட்டையால அழுத்திக் கிண்டுங்க. ஈரக்கையால தொட்டா ஒட்டக் கூடாது. அம்மியில அரைச்ச மல்லாட்டைத் துவையல், இல்லைன்னா கருவாட்டுக் குழம்பு. மிஞ்சின களியைத் தண்ணியில போட்டு வெச்சா காலையில கரைச்சுக் குடிக்கலாம். பிரிட்ஜ் இல்லாத காலத்துக்குன்னே பொறந்த சாப்பாடு.

பிரிட்ஜைப் பத்தி ரெண்டே வரி. திறக்காம வெச்சா நாலு மணி நேரம் குளிர்ச்சி நிக்கும். அதுக்கப்புறம் பால், கறி, மீன் எதையும் நம்பாதீங்க. அன்னைக்கே சமைச்சுடுங்க.

3. மருந்து

வீட்டுல இன்சுலின் போடுறவங்க இருந்தா பதறாதீங்க. பயன்பாட்டுல இருக்கிற பாட்டில் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரைக்கும் கெடாது. சரியான கணக்கு அந்த மருந்துப் பெட்டிச் சீட்டுலயே போட்டிருப்பாங்க, படிச்சுப் பாருங்க. பிரிக்காத பாட்டில்களுக்கு மண்பானை. ஒரு பெரிய சட்டியில மணல் கொட்டி நனைங்க, நடுவுல சின்னப் பானையைப் புதைங்க, மருந்தை பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு உள்ள வெச்சு ஈரத்துணியால மூடுங்க. மணல் காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். ஐஸ் கட்டி மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்ச இன்சுலின் எதுக்கும் உதவாது. மாத்திரை எல்லாம் ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கிடுங்க. தரைப்பாலம் முழுகினா மெடிக்கல் ஷாப் அக்கரையில நின்னுடும்.

4. போன், இன்வர்ட்டர், வெளிச்சம்

டவர்லயும் கரண்ட் போகும். சிக்னல் இல்லாத போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னுடும். ஒரு போனை மட்டும் உயிரோட வெச்சுக்கிட்டு மத்ததை அணைச்சுடுங்க. அந்த ஒண்ணும் பிளைட் மோட்ல இருக்கட்டும், காலையில ஆறு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஏழுன்னு நேரம் வெச்சுத் திறங்க. பெங்களூர்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட இந்த நேரத்தை முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா அவங்க அங்க உக்காந்து அழுவாங்க. என் நாத்தனார் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறவ. மூணாவது நாள் கம்பெனி பஸ் வந்ததும் தெருவுல இருந்த பவர் பேங்க் எல்லாத்தையும் ஒரு கட்டைப் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போய் சார்ஜ் ஏத்தி வந்தா. எது யாரோடதுன்னு பேர் எழுதி ஒட்டாததால சாயங்காலம் ஒரு சின்ன சண்டையும் நடந்துச்சு.

இன்வர்ட்டர் இருக்கிறவங்க கணக்கு இது. 150 ஏ.எச். பேட்டரி, 12 வோல்ட், பெருக்கினா 1,800 வாட் மணி. பேட்டரி கெடாம இருக்க அதுல பாதிதான் எடுக்கணும், 900. மூணு எல்.இ.டி. பல்பு 27 வாட், இன்வர்ட்டர் சும்மா இருந்தாலே அது தனக்குன்னு பத்துப் பதினஞ்சு வாட் இழுக்கும். மொத்தம் 40 வாட்னா 22 மணி நேரம் வரும். அதோட பழைய பேன் ஒண்ணு, 75 வாட், சேர்த்தா எட்டு மணி நேரம்கூட வராது. கார்த்திகைக் குளிர்ல பேன் எதுக்கு? கொசுவலை கட்டுங்க. படுக்கப் போகும்போது இன்வர்ட்டரையே அணைச்சுடுங்க. ராத்திரிக்கு ஒரு டார்ச்சு போதும். தீபத்துக்கு வாங்கின அகல் எப்படியும் வீட்டுல இருக்கும், அதைத் தாம்பாளத்துல மணல் பரப்பி, பிள்ளைங்க கை படாத இடத்துல வைங்க.

ராத்திரி கொல்லிக்கு (வயக்காட்டுக்கு) காவலுக்குத் தனியா போகாதீங்க. கவுண்டன்யா காட்டு யானை வர்ற பகுதி இது. தெருவிளக்கு இல்லாத நாள்ல அதுங்களுக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியாது.

5. குளிரும் சுவரும்

வேலூர்ல குளிரான்னு வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. நாலு நாள் தொடர்ந்து மழை பெஞ்சு, தரை ஊறி, வெந்நீர் போட ஹீட்டரும் இல்லாம ஒரு தடவை இருந்து பார்க்கட்டும். பாய்க்கு அடியில கோணியை விரிங்க. வயசானவங்களுக்கும் குழந்தைக்கும் தலைக்குத் துணி கட்டுங்க. கொள்ளு ரசம் வைங்க. கரி அடுப்பையோ நெருப்புச் சட்டியையோ உள்ள வெச்சுக் கதவைச் சாத்திப் படுக்காதீங்க. அதுல வர்ற விஷக்காத்துக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலேயே ஆளைக் கொண்டு போயிடும்.

சாயங்காலம் ஒரு தடவை டார்ச்சு அடிச்சு சுவரையும் பாருங்க, பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்து. புதுசா விரிசல், உப்பல், ஈரத் திட்டு தெரிஞ்சா அந்தப் பக்கம் படுக்கையைப் போடாதீங்க. 2021 நவம்பர் 19 அன்னைக்கு பேரணாம்பட்டுல மழையில ஊறின சுவர் இடிஞ்சு விழுந்து ஒன்பது பேர் செத்துப் போனாங்க. எங்களுக்குப் பக்கத்து ஊர் அது. அதுலேருந்து எங்க அத்தை மண்சுவர் ஓரமா யாரையும் படுக்க விடுறதில்லை.

6. கம்பி அறுந்து கிடந்தா

கிட்ட போகாதீங்க, குச்சியால தள்ளாதீங்க. ஈரத் தரையில பத்து மீட்டர் தள்ளி நில்லுங்க, மாட்டை அவிழ்த்து விடாதீங்க. மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், எண் 94987 94987, எந்நேரமும் எடுப்பாங்க. மின் இணைப்பு எண்ணை ஒரு அட்டையில எழுதி கதவுக்குப் பின்னாடி ஒட்டி வைங்க, இருட்டுல கார்டு தேடிக்கிட்டு இருக்க முடியாது. பக்கத்துல இருக்கிற போஸ்ட் நம்பரையும் சொன்னா ஆள் சீக்கிரம் வந்து சேரும். வெள்ளம், வீடு இடிஞ்சதுன்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

7. கரண்ட் வர்ற நேரம்

இப்ப அந்த ஒன்பது நாள் கதை.

எங்க போர்வெல் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர், கரண்ட் வந்ததும் அதுவே மோட்டாரைப் போட்டுடும். கரண்ட் போனப்ப அதை ஆஃப் பண்ணணும்னு யாருக்கும் தோணலை. அஞ்சாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்துச்சு, தெருவே கூச்சல் போட்டுச்சு. ஆனா மூணு பேஸ்ல ஒண்ணு வரலை. ரெண்டு பேஸ்ல மோட்டார் சுத்த முடியாம உர்ர்னு முனகிக்கிட்டே காயில் கருகிப் போச்சு. நாங்க டிவி முன்னாடி உக்காந்திருந்தோம். அந்த வாரம் சுத்துவட்டாரத்துல எல்லாருக்கும் இதே கதை. மோட்டார் தூக்குற ஆள் கிடைக்க நாலு நாள், காயில் கட்ட அஞ்சு நாள். செலவு பதினாலாயிரம்.

அதனால கரண்ட் போன உடனே மோட்டார் ஸ்டார்ட்டர், பிரிட்ஜ், டிவி, மிக்ஸி எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஒரே ஒரு பல்பு சுவிட்சை மட்டும் ஆன்ல விடுங்க, வந்தா அது சொல்லும். வந்ததும் பல்பு வெளிச்சம் மங்குதா, கண்ணைக் கூசுதான்னு பத்து நிமிஷம் பாருங்க. நிதானமா எரிஞ்சா பிரிட்ஜைப் போடுங்க. நனைஞ்ச சுவர்ல இருக்கிற சுவிட்ச் போர்டைக் காயற வரைக்கும் தொடாதீங்க.

மோட்டாருக்கு அவசரமே வேணாம். ஸ்டார்ட்டர் பெட்டியில மூணு லைட்டும் ஒரே மாதிரி எரியணும். வோல்ட் மீட்டர் முள் 370-க்குக் கீழே இருந்தா காத்திருங்க. போட்டதுக்கு அப்புறம் தண்ணி வழக்கத்தைவிட மெலிசா வந்தா உடனே நிறுத்துங்க. லைனை மறுபடி கட்டும்போது பேஸ் மாறிப் போய் மோட்டார் தலைகீழா சுத்திக்கிட்டு இருக்கலாம். எலெக்ட்ரீஷியன் ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சரியாயிடும். ஒரு பேஸ் வரலைன்னா மோட்டாரை ஓட விடாத சிங்கிள் பேஸ் பிரிவென்டர்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கு, காயில் கட்டுற செலவோட பார்த்தா அது ஒண்ணுமே இல்லை. நாங்க மோட்டார் போன பிறகுதான் வாங்கினோம்.

இப்பெல்லாம் கரண்ட் ரெண்டு நிமிஷம் போய் வந்தாக்கூட அத்தை திண்ணையிலிருந்து குரல் கொடுக்கிறாங்க: "இன்னாம்மா, மூணு லைட்டும் எரியுதா?"

எரிஞ்சா மோட்டாரைப் போடுங்க. முதல் பத்து நிமிஷம் வர்ற தண்ணி செம்மண் கலங்கலா இருக்கும். அதை டேங்குக்கு ஏத்தாம வாழைக்குத் திருப்பி விட்டுடுங்க.