அறை சேர்க்கும்போது பழைய வீட்டை மறக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டலாம் என்று முடிவானதும், எல்லோரும் அந்தப் புது அறைக்குத்தான் படம் போடுகிறார்கள். அது வந்தபின் பழைய வீடு எப்படி இருக்கும் என்று யாரும் வரைந்து பார்ப்பதில்லை.

அடி வாங்குவது பெரும்பாலும் நடுவறைதான். பின்சுவரை ஒட்டி அறை எடுத்தால், அதிலிருந்த சன்னல் இனி புது அறைக்குள் திறக்கும். வெளிச்சமும் போச்சு, காற்றும் போச்சு. பட்டப்பகலில் விளக்கு எரியும். போதாக்குறைக்கு, புது அறைக்குப் போகும் பாதையும் நடுவறையே ஆகிவிடும். 10 அடி நீள அறையில் 3 அடி அகலத்துக்கு வழி விட்டால், 30 சதுர அடி நடப்பதற்கே சரியாகிவிடும். அதனால் புது அறையை ஒரு பக்கமாகத் தள்ளி, சன்னலுக்கு எதிரே கொஞ்சம் திறந்தவெளி விடுங்கள். அதற்கு இடமில்லையா? புது அறையின் கூரையைத் தாழ்வாக வைத்து, அதற்கு மேலே பழைய சுவரில் வெண்டிலேட்டர் திறக்கலாம். பரப்பளவு குறைகிறதே என்று வருத்தப்படாதீர்கள். இருட்டான இரண்டு அறைகளைவிட வெளிச்சமான ஒன்றரை அறை மேல் என்பது என் கட்சி.

அடுத்த வம்பு, பழசும் புதுசும் சேரும் இடம். பழைய அஸ்திவாரம் இறங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ இறங்கி நின்றுவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டு சுவர்களையும் பல் வைத்து, அதாவது செங்கற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கட்டிப் பூசிவிட்டால், சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடும். அதை எத்தனை முறை பட்டி பார்த்தாலும் மறுபடி வரும். இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்து, மேலே மூடி போடுவதுதான் முறை. கூரை சேருமிடத்தில் மழைநீர் பழைய சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டமும் வேண்டும். இன்னொன்று: பழைய அஸ்திவாரத்தை ஒட்டி, அதைவிட ஆழமாக ஒரே மூச்சில் தோண்டவே கூடாது. அடிமண் சரிந்தால் பழைய சுவரும் சேர்ந்து சரியும். இதில் மட்டும் பொறியாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

தோண்டும் இடத்தில் கழிவுநீர்க் குழாயோ, அதில் அடைப்பு எடுக்கத் திறக்கும் தொட்டியான சேம்பரோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைப்பு எடுக்க அறைத் தரையை உடைப்பது கொடுமை.

சரி, அறைக்குள்ளே, வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்யும் மூலைக்கு வருவோம். மேசையை அளப்பவர்கள் நாற்காலியை அளப்பதில்லை. மேசை 2 அடி என்றால், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ இன்னும் இரண்டரை, 3 அடி வேண்டும். சன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் கண்ணாடிபோல அதுதான் தெரியும். பிளக் பாயின்ட்டை மேசை வரும் இடம் முடிவானபின் குறியுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டி மேசை போட்டால் மிக்ஸியும் உங்கள் ஆன்லைன் கூட்டத்தில் பேசும்.

கடைசியாக, வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் தரையில் சுண்ணாம்பால் அறையை முழு அளவில் கோடு போடுங்கள். கட்டில், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்து போட்டு, ஒருநாள் அங்கேயே உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் கோடு போட மறக்காதீர்கள்.